சரிவில் பூட்டாதே

உங்கள் வண்டி டயர்களில் காற்று அதிகமாக இருக்கிறது, வால்டிஸ். நீங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தும்போதே பார்த்தேன். தார் ரோட்டுக்கு அது சரி, இந்த ஏப்ரல் பனிக்கு ஆகாது. கல் மாதிரி இருக்கும் டயர் பனியைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கும். தளர்ந்த டயர்தான் மேலே பரவி நடக்கும். கிளம்புவதற்கு முன்னால் நானே கொஞ்சம் இறக்கிவிடுகிறேன்.

காபி எடுத்துக்கொள்ளுங்கள். முறுக்கிப் பொரித்த அந்தப் பலகாரம் ஆல்தா கொடுத்தனுப்பியது. ஆமாம், இங்வியின் மனைவிதான். கணவனை அடக்கம் செய்த வாரத்திலேயே எனக்கு ஒரு டப்பா நிறையச் செய்து அனுப்பியிருக்கிறாள். "ஹில்மர் தனியா இருக்கான், சாப்பிட்டானோ என்னவோ" என்று கவலைப்பட்டாளாம். நன்றாகத்தான் இருக்கிறது. ஏலக்காய்தான் சற்றுத் தூக்கல்.

நீங்கள் விபத்து அறிக்கையை முடிக்க வந்திருக்கிறீர்கள். 'ஓட்டுநரின் தவறு' என்று எழுதிவிட்டுப் போகலாம் என்பது உங்கள் எண்ணமாக இருக்கும். ஊரும் அதைத்தான் சொல்கிறது. நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்துகொண்டு, "பாவம் மஞ்ச விளக்கு, கடைசி வரைக்கும் அவனுக்கு வண்டி ஓட்டவே வரல" என்கிறார்கள். கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் உங்களை உட்காரச் சொன்னேன். இங்வி ஒரு தவறும் செய்யவில்லை. கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில் அதை நான் சொல்லியாக வேண்டும். செத்தவன்மேல் பழி போடுவது நியாயமில்லை.

வண்டியிலும் கோளாறு கிடையாது. கடலிலிருந்து தூக்கியதும் எந்த மெக்கானிக்கை வேண்டுமானாலும் வைத்துப் பாருங்கள். மீட்புக் குழுவின் வண்டிகளுக்கு ஆரம்பத்திலிருந்தே நான்தான் பொறுப்பு. புத்தாண்டுக்குப் புத்தாண்டு ஊருக்கே பட்டாசு விற்று வாங்கிய வண்டி அது. என் கையால் அதைக் கெடுக்க எனக்கு மனம் வராது. குழுவில் என்னைக் கிண்டல் பண்ணுவார்கள், "ஹில்மர் வண்டியில தும்மணும்னாகூட ஹில்மர்கிட்ட கேட்டுட்டுத்தான் தும்மணும்" என்று. பண்ணட்டும். நான் வைத்த இடத்திலிருந்து ஒரு பொத்தானைக்கூட யாரும் மாற்ற மாட்டார்கள். ஒழுங்கு என்றால் அதுதான்.

ஒரு சின்ன விஷயம் புரிந்தால்தான் மற்றது புரியும். ஒரே அச்சில் இருக்கும் இரண்டு சக்கரங்களுக்கும் எஞ்சினின் பலத்தைப் பங்கு போட்டுக் கொடுப்பது நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல். திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும் அல்லவா, அதற்காக இந்தப் பங்கீடு. ஆனால் அதற்குப் புத்தி மட்டு. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்களே, அதே கதை. பனியில் எந்தச் சக்கரம் வழுக்கிச் சும்மா சுற்றுகிறதோ, அதற்கே எல்லாம் போய்விடும். தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நல்ல சக்கரம் பட்டினி கிடக்கும்.

இதற்கு வண்டியில் இரண்டு மருந்து உண்டு. ஒன்று பூட்டு. பொத்தானை அழுத்தினால் இரண்டு சக்கரங்களும் கட்டப்பட்டு ஒன்றாகவே சுற்றும். இன்னொன்று டிராக்‌ஷன் கன்ட்ரோல். நான் அதைக் காவல்காரன் என்பேன். சக்கரம் வழுக்கியதும் பிரேக்கைப் பிடிப்பான், எஞ்சினின் மூச்சையும் இறுக்குவான். எதிரே பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு மினுக்கும். சாதாரண வழுக்கல் ரோட்டில் நல்ல காவல்காரன். ஆழப் பனியிலோ அவனாலேயே கெடுவோம். அங்கே வழுக்கிக்கொண்டேதான் முன்னால் போக வேண்டும். ஓட்டம் குறைந்தால் வண்டி அப்படியே உட்கார்ந்துவிடும். அவனை அனுப்பி வைக்க ஒரு பொத்தான் இருக்கிறது.

ஸ்வாலா என் மனைவி. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஈஸ்டர் வாரத்தில், பக்கத்து ஊரில் தன் தங்கையைப் பார்த்துவிட்டு மேட்டு ரோடு வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தாள். ஈஸ்டர் சமயத்தில் ஒரு புயல் அடிக்கும் என்று இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். அதற்காக யாரும் வீட்டில் உட்கார்ந்திருப்பதில்லை. பனிக் குவியலில் அவளுடைய கார் மாட்டிக்கொண்டது. குளிருக்காக எஞ்சினை ஓடவிட்டு உள்ளேயே இருந்திருக்கிறாள். பின்னால் புகைக்குழாய் பனியில் மூடிப்போனது அவளுக்குத் தெரியவில்லை.

எனக்கு அப்போது தோள்பட்டை விலகிக் கட்டுப் போட்டிருந்தது. அதனால் நான் மீட்புக் குழு நிலையத்தில் போன் பக்கத்தில் உட்கார்ந்தேன், வண்டியை இங்வி எடுத்துக்கொண்டு போனான். அவன் பள்ளிக்கூடத்தில் நீச்சல் சொல்லிக்கொடுப்பவன். என் வயதுக்காரன்தான், ஆனால் குழுவில் சேர்ந்து அதிக நாளாகவில்லை. ஏற்றத்துக்குக் கீழே, நீளமான பனிக் குவியல் ஒன்றில் வண்டி நின்றுவிட்டது. கூட வந்தவர்கள் இறங்கிப் பனியை வாரித் தள்ளினார்கள். இங்வி மிதித்தான், விளக்கு மினுக்கியது, காவல்காரன் மூச்சை இறுக்கினான். மறுபடி மிதித்தான், மறுபடி இறுக்கினான். பொத்தான் விரல் எட்டும் தூரத்தில் இருந்தது. அதை அழுத்தி, பூட்டைப் போட்டு, கொஞ்சம் பின்னால் வந்து ஓட்டமாக விட்டிருந்தால் தாண்டியிருப்பான். அவன் அதைத் தொடவில்லை.

மலைக்கு அந்தப் பக்கத்துக் குழுதான் கடைசியில் ஸ்வாலாவிடம் போய்ச் சேர்ந்தது. ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துத் தூங்குகிற மாதிரி இருந்தாளாம். கன்னம்கூடச் சிவப்பாகத்தான் இருந்தது என்றார்கள். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார்கள். அந்தப் புகையில் போனவர்களுக்கெல்லாம் கன்னம் அப்படித்தான் சிவக்கும் என்று நான் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அவன் அதைத் தொடவில்லை. இந்த ஒரு வாக்கியத்தோடுதான் நான் குடித்தனம் நடத்தினேன். காலையில் எழுந்தால் அது எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கும். இங்வி அடக்கத்துக்கு வந்தான், என் கையைப் பிடித்துக்கொண்டான். "நான் பொத்தான அழுத்தியிருக்கணும், ஹில்மர்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அதற்கு மேல் என்னிடமும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. கூட இருந்தவர்கள் விளக்கைப் பற்றிப் பேச, ஊர் மிச்சத்தைச் சேர்த்துக்கொண்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. கொஞ்ச நாளில் அவன் பெயரே மஞ்சள் விளக்கு என்றாகிவிட்டது.

நடுக்குளிரில் ஊர் கூடிச் சாப்பிடும் நம் தோர்ரி விருந்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஊரிலும் அதே கூத்துதான் இருக்கும். அழுகவைத்த சுறாவையும் புளிக்கவைத்த ஆட்டு விதையையும் பிரென்னிவின் சாராயம் ஊற்றி உள்ளே தள்ளிவிட்டு, வருடம் முழுக்க யார் என்னென்ன கோணங்கித்தனம் பண்ணினார்கள் என்று மேடையில் நடித்துக் காட்டுவார்கள். கேலிக்கு ஆளானவன் எழுந்து குனிந்து வணங்கிச் சிரிக்க வேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அடுத்த வருடமும் அவன்தான் மேடையில்.

இந்தக் குளிர்காலத்தில் இங்வி தன் வீட்டு வாசலிலேயே வண்டியைப் பனியில் மாட்டிக்கொண்டிருந்தான். போதாதா. தபால்காரன் தலையில் ஒரு மஞ்சள் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு, உள்ளே டார்ச் மினுக்க மினுக்க மேடையைச் சுற்றி வந்தான். "வழி விடுங்கடா, மஞ்ச விளக்கு வர்றாரு. யாரும் பயப்படாதீங்க, காப்பாத்தத்தான் வர்றாரு. எப்படியும் நாளைக்குள்ள வந்து சேந்துருவாரு." கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. ஸ்வாலாவின் பெயர் வரவில்லை. அதில் கவனமாக இருந்தார்கள். "உன் மனசு நோகக் கூடாதுன்னு அந்தப் பக்கமே போகல, ஹில்மர்" என்று பிறகு என்னிடம் வந்து சொல்லவும் சொன்னார்கள். நாளைக்குள் வந்து சேர வேண்டிய இடத்தில் யார் காத்துக்கொண்டிருந்தது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும் சிரித்தேன். இங்வி எழுந்து வணங்கி, கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் வெறுத்தேன். இதை ஒளிக்க ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு அவன்தான் என்னிடம் வந்தான். நான் அவனைத் தேடிப் போகவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"ஹில்மர், எனக்கு ஒழுங்காக் கத்துக்குடு. இந்தக் கிண்டலுக்காக இல்ல. இன்னொரு தடவை அப்படி ஆயிடக் கூடாது."

"அதுக்கென்ன, ஞாயித்துக்கிழமை வா" என்றேன்.

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஊர் நர்ஸ் ஹெர்திஸ் என் தோளைத் தட்டி, "நீ பெரிய மனுஷன்டா" என்றாள். ஸ்வாலாவைப் பெட்டியில் வைக்கும் முன் அவளுக்குத் தலைவாரி விட்டவள் ஹெர்திஸ். அவள் கண் கலங்கியிருந்தது. மன்னித்துவிட்டேன் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். நான் மன்னித்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாத ஒன்றுக்கு நான் பொறுப்பாக முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குப் பிடித்திருந்தன என்றுதான் சொல்ல வேண்டும். மேட்டுவெளியில் ஆழப் பனியைத் தேடிப் போவோம். அவன் பிளாஸ்கில் சூடான சாக்லேட் கொண்டுவருவான், நான் காய்ந்த மீனும் வெண்ணெயும். அவன் நல்ல மாணவன். சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்வான், என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டால்கூடப் பயந்து பயந்து கேட்பான். தண்ணீரில் பிள்ளைகளுக்கு "இழு, மூச்சு, உதை" என்று தாளம் போட்டுச் சொல்லிக்கொடுக்கிறவன் அல்லவா, இதற்கும் ஒரு தாளம் கட்டிவிட்டான். "விளக்க அணை, ரெண்டையும் பூட்டு, நிக்காம மிதி." வண்டியில் ஏறினால் வாய்க்குள் அதுதான் ஓடும். காவல்காரனை அனுப்பு, முன் அச்சையும் பின் அச்சையும் பூட்டு, ஓட்டம் விடாதே. ஆழப் பனிக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

ஒரு நாள், இடுப்பளவு பனிக் குவியல் ஒன்றை அவன் தனியாக ஓட்டிக் கடந்தான். இறங்கி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டான். அவனுடைய கம்பளி ஸ்வெட்டரில் குளோரின் வாசம் அடித்தது. அந்த ஒரு கணம், போதும், இவனுக்கு மிச்சத்தையும் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. அப்போது அவன் சொன்னான், "இவ்ளோ சுலபமா, ஹில்மர். இவ்ளோதானா."

ஆமாம், அவ்வளவுதான். அவ்வளவு சுலபமான ஒன்றுக்காகத்தான் அவள் போனாள். நான் பிளாஸ்கை மூடி வண்டியில் வைத்தேன்.

அந்த மிச்சம் என்னவென்று இப்போது சொல்கிறேன். ரோடு முன்னால் ஏறினாலும் இறங்கினாலும் பூட்டலாம். பக்கவாட்டில் சாய்ந்து, அதன்மேல் பனிக்கட்டியும் இருந்தால் பூட்டக் கூடாது. பூட்டாத வண்டியில் ஒரு சக்கரம் வழுக்கிச் சுற்றும்போது, அதன் ஜோடிச் சக்கரம் சும்மா நின்று தரையைக் கவ்வியிருக்கும். வண்டியைச் சரிவில் பிடித்து வைத்திருப்பது அந்தச் சும்மா நிற்கிற சக்கரம்தான். பூட்டிவிட்டால் சும்மா நிற்க யாருக்கும் இடமில்லை. எல்லாம் ஒன்றாகச் சுற்றும், ஒன்றாக வழுக்கும், வண்டி பள்ளத்தின் பக்கமாக நகரும். ஆணி பதித்த டயர் இருந்தாலும் ஈரம் ஓடும் நீலப் பனிக்கட்டியில் ஓரளவுதான். சரிவில் பூட்டாதே. ஒரே வாக்கியம். அதை மட்டும் நான் சொல்லவில்லை. பயிற்சிக்குச் சரிவு ரோட்டின் பக்கம் அவனைக் கூட்டிக்கொண்டு போகவும் இல்லை.

அவன் ஒரு முறை கேட்டான். பொய் சொல்ல மாட்டேன். வெந்நீர்த் தொட்டியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம், தலையில் பனி விழுந்துகொண்டிருந்தது. "ஹில்மர், ரோடு ஒரு பக்கமா சாஞ்சிருந்தா என்ன பண்றது. அப்பவும் பூட்டலாமில்ல" என்றான். அந்த நேரம் பார்த்துத் தபால்காரன் படியிறங்கி வந்து, "அடடே, வாத்தியாரும் மஞ்ச விளக்கும் ஒரே பானையில வேகுறீங்களா" என்று காலை உள்ளே விட்டான். இங்வி சிரித்தான், ஆனால் என் பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெந்நீரில் இருப்பவன் கண்ணை மூடுவதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆமாம் என்று எடுத்துக்கொண்டது அவன்.

இது நடந்தே தீரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. நடக்காமலும் போயிருக்கலாம். மார்ச் கடைசியில் நன்றாக மழை பெய்து, பிறகு உறைந்தது. ஊருக்கும் ஹோல் பண்ணைக்கும் நடுவே மலையோரமாகப் போகும் சரிவு ரோட்டை விபத்தன்று காலையிலேயே போய்ப் பார்த்தேன். வண்டிகளுக்குப் பொறுப்பானவன் பார்க்கத்தான் வேண்டும். ரோடு முழுக்க நீலப் பனிக்கட்டி, கடல் பக்கமாகச் சாய்ந்து, மேலே தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அதன்மேல் ஒரு கூழாங்கல்லை வைத்தேன். அது மெல்ல நகர்ந்து போய் ஓரத்தில் விழுந்தது. வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

மதியம் ஹோல் பண்ணையிலிருந்து அழைப்பு வந்தது. பண்ணைக் கிழவருக்கு நெஞ்சை அடைக்கிறதாம். மேட்டு ரோடு பனியில் மூடியிருந்தது. மேகம் தாழ்ந்திருந்ததால் ஹெலிகாப்டர் வராது. படகு இருந்தது, அலையும் பெரிதாக இல்லை. படகைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

"சரிவு ரோடு திறந்திருக்கு, இங்வி. நீ போ" என்றேன்.

"நானா?"

"வேற யாரு. என் தோளைப் பத்தித்தான் உனக்குத் தெரியுமே."

அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பதக்கம் வாங்குகிற பையனின் முகம். என் கையைக் குலுக்கிவிட்டு ஓடினான். ஹெர்திஸ் மருந்துப் பையோடு அந்தப் பக்கக் கதவைத் திறந்து ஏறினாள். இதையும் மறைக்கப் போவதில்லை. அவள் ஏறுவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அவளை இறக்க வேண்டுமென்றால் ஒரு காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணம் காதில் விழுந்தால் இங்வி யோசிப்பான். அவள் கையசைத்தாள். நானும் அசைத்தேன்.

சரிவு தொடங்கும் இடத்திலிருந்து வண்டிப் போனில் கூப்பிட்டான். "ஹில்மர், இங்க கண்ணாடி மாதிரி இருக்கு. ரோடு கடல் பக்கமாச் சாயுது. என்ன பண்ணட்டும்?"

"நான் கத்துக்குடுத்ததப் பண்ணு" என்றேன்.

கவனியுங்கள், பூட்டு என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை.

அவன் கியர் போடும் சத்தம் கேட்டது. பிறகு அவனுடைய தாளம் வந்தது. "விளக்க அணைச்சாச்சு. ரெண்டையும் பூட்டியாச்சு." இன்னும் கொஞ்சம் கழித்து, சிரிக்கிற குரலில், "மஞ்ச விளக்கு மினுக்கல, ஹில்மர்" என்றான். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ஹெர்திஸ் உங்களிடம் எல்லாம் சொல்லியிருப்பாள். சரிவுக்கு முன்னாலேயே அவளை இறக்கிவிட்டிருக்கிறான். "நீ மலைய ஒட்டி நடந்து வந்துரு, அந்தப் பக்கம் ஏத்திக்கறேன். ஒரு ஆள் குறைஞ்சா வண்டிக்கு நல்லது" என்றானாம். ஓர் ஆள் குறைவதால் வண்டிக்கு எந்த நன்மையும் கிடையாது. நான் அப்படிக் கற்றுக்கொடுக்கவும் இல்லை. அது அவனாகச் சேர்த்துக்கொண்டது. வண்டி வேகமாக ஒன்றும் போகவில்லை என்றாள். முதலில் பின்பக்கம் நகர்ந்தது, பிறகு முன்பக்கம். பஸ்ஸில் பக்கத்தில் வருபவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்காருவோமே, அந்த மாதிரி. சக்கரங்கள் நான்கும் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டேதான் இருந்தன. நான் சொன்னேனே, வண்டியில் கோளாறு இல்லை. ஹோல் பண்ணைக் கிழவருக்கு வந்தது வெறும் வாயு. மறுநாளே ஆடுகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

ஆகவே, எழுத வேண்டியது இதுதான்: இங்வி கற்றதைக் கற்றபடி செய்தான். இன்னொன்று. அவனுடைய தாளத்தைக் குழுவில் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள், நீச்சல்குளத்துப் பிள்ளைகள்கூடப் பாடுகிறார்கள். விட்டுப்போன அந்த வாக்கியத்தை யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும். எனக்குச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. போகிற வழியில் நீங்களே சொல்லிவிடுங்கள். உங்கள் வண்டியிலும் பூட்டு இருக்கும். சரிவில் போடாதீர்கள்.

என்ன கேட்டீர்கள்?

ஹெர்திஸ் அதையும் சொன்னாளா. வண்டியில் போகும்போது இங்வி அந்தப் பொத்தானைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தானா. ஏன் என்று அவள் கேட்டாளா. சரி, அவன் சொன்னதை அப்படியே படியுங்கள்.

"ஸ்வாலா மாட்டிக்கிட்ட அன்னிக்கு நான் ஹில்மருக்குப் போன் பண்ணிக் கேட்டேன், பொத்தான அழுத்தட்டுமான்னு. தொடாதன்னான். இத நீ அவன்கிட்ட கேட்டுடாத, ஹெர்திஸ். அவனால தாங்க முடியாது."

இருக்கலாம். மற்றவர்கள் வெளியே பனியை வாரிக்கொண்டிருந்தார்கள், போனில் நாங்கள் இரண்டு பேர்தான். அன்றைக்கு மூக்குக்கு முன்னால் ஒன்றும் தெரியாத புயல், ஒரு பக்கம் பள்ளம், ஓட்டத் தெரியாத ஆள், என் வண்டி. "எதையும் தொடாத, வண்டிக்கு உன்ன விட அறிவு ஜாஸ்தி" என்றேன். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவன் மறுபடியும் கேட்டான், நான் மறுபடியும் அதையே சொன்னேன்.

அவன் யாரிடமும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் சொல்லிவிடுவான் என்று எதிர்பார்த்தேன். மஞ்சள் விளக்கு என்று முகத்துக்கு நேரே கூப்பிட்டார்கள், வாளியைக் கவிழ்த்துக்கொண்டு ஆடினார்கள், அவன் எழுந்து நின்று வணங்கிச் சிரித்தான். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்கள் யாரும் கேட்கப் போவதில்லை. அந்தக் கூடத்தில் அவன் ஒரு வார்த்தை வாயைத் திறந்திருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான்.

எழுதிக்கொள்ளுங்கள். மேட்டு ரோட்டிலும் சரிவு ரோட்டிலும், இரண்டு தடவையும் சொன்னது நான்தான். ஆனால் கேட்டு நடந்தது அவன்தானே.